அணியத்தில் ஏழு வட்டங்கள்

ஒருவர் அன்பினால் செய்துவரும் காரியம் இன்னொருவரின் காலடியை உளுத்துப்போக வைக்கிறது என்றால், அதை அவரிடம் சொல்லும் பொறுப்பு யாருடையது? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இந்தக் கேள்வி பரீட்சைத் தாளில் வந்திருந்தால் நான் தாராளமாக நாலு பக்கம் எழுதியிருப்பேன். எனக்கு அது சாய்ந்தமருதுக் கடற்கரையில், கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்த ஒரு பழைய படகின் மேல்தட்டில் வைத்து வந்தது.

படகு என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவருடையது. மச்சான் அந்தப் படகிலிருந்துதான் காணாமற்போனார். அவரோடு போன இருவரும் கண்விழித்தபோது பொழுது விடிந்திருந்தது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்காக அவர் விரித்த பாய் அணியத்தில், படகின் முன்பக்கத்து மேல்தட்டில், சுருக்கமில்லாமல் கிடந்தது. கடல் குளத்தைப்போல அசையாமல் இருந்ததாம். விசாரிக்க வந்த எல்லோரிடமும் அவர்கள் அந்த அமைதியைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. ராத்தா அவரைப் பற்றி நிகழ்காலத்திலேயே கதைத்து வந்தார். "அவருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது" என்று ஆணம் காய்ச்சும்போது மிளகாயைக் குறைப்பார். யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை, ஒருவரின் எதிர்பார்ப்பைக் கலைப்பது என் வேலையல்ல என்று நினைத்திருந்தேன்.

மழைக்காலம் முழுவதும் படகு கரையில் கிடந்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்கியபோது மூன்று மீனவர்கள் அதை எடுத்து ஓட்டக் கேட்டார்கள். ராத்தா சம்மதித்தார். பிள்ளைகளின் படிப்புக்கு வேறு வழி இருக்கவில்லை. பழுதுபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரேயொரு நிபந்தனை: "எல்லாத்தையும் செய்யுங்க. முன்னுக்கு அவர் தொழுற இடத்தில மட்டும் கைவைக்க வேணாம்."

பைபர் வேலை செய்யும் ஒருவரைக் கூட்டிவந்தேன்; வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அழைப்பேன். வாய் ஓயாத மனிதர். அந்த மாதிரிப் படகின் மேல்தட்டு, உள்ளே ஒட்டுப்பலகையும் அதன்மேல் பைபர் தோலுமாக அமைந்தது. தோலில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பலகை உளுத்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் சத்தத்தை விழுங்கிவிடும்.

"தட்டுங்க தம்பி, தட்டுங்க. கெம்பஸ்ல இதெல்லாம் படிப்பிச்சித்தானே அனுப்பியிருப்பாங்க?" என்றார்.

"ஓம் காக்கா, கடைசி வருஷம் முழுக்க இதுதான்."

"அதான் வேலை கிடைக்கல்ல."

நான் தட்டத் தட்ட, அவர் சோக்குக்கட்டியால் வட்டம் போட்டார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. ராத்தா தொட வேண்டாம் என்ற அணியத்தையும், தட்டிப் பார்ப்பதால் குற்றமில்லை என்று எண்ணித் தட்டினேன். அங்கேதான் சத்தம் செத்தது. காக்கா வட்டங்களைப் போட்டு முடித்து நிமிர்ந்தார். பிறகு சோக்குக்கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

பாதங்கள் ஊன்றும் இடத்தில் இரண்டு. முழங்கால்களுக்கு இரண்டு. உள்ளங்கைகளுக்கு இரண்டு. அவற்றுக்கு முன்னால், அணியத்தின் நுனியை நோக்கி, தனியாக ஒன்று. சுஜூதில், தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துப் பணியும்போது, ஒரு மனிதனின் உடல் தரையைத் தொடும் ஏழு இடங்கள்.

அதற்கு நான் ஒரு விளக்கம் தேடினேன். கச்சான் காலத்தில் நங்கூரம் போட்டால் படகின் மூக்கு மேற்கே திரும்பி நிற்கும். அணியத்தை நோக்கித் தொழுதால், தொழும் திசையான கிப்லா ஏறத்தாழச் சரியாக அமையும். மச்சான் ஆண்டாண்டு காலமாக ஒரே இடத்தில் நின்று தொழுதவர். பாரம் விழுந்து விழுந்து தோல் வெடித்திருக்கும். காக்கா தலையாட்டிக் கேட்டார்.

"சரி தம்பி. காலும் முழங்காலும் சரி. நெத்திக்கு என்ன பாரம்?"

முன்வட்டத்தை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தேன்.

மூவர் அந்தத் தட்டில் நின்று வலை இழுக்கப்போகிறார்கள். ஒருவர் கால் புதைந்து தடுமாறினாலும் கடல்தான். ராத்தாவிடம் அனுமதி கேட்பதற்கு முன் குறைந்தபட்சம் ஈரத்தையாவது வற்றவைப்போம் என்று முடிவுசெய்தோம். பாத வட்டங்களில் மட்டும் சிறு துளைகள் இட்டு வெயிலில் காயவிட்டோம். காற்று அனலாக வீசியது. வியாழக்கிழமை பின்னேரம் காக்கா துளைக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. மேலே தறப்பாளைப் போர்த்திக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கரையில் தோணி இறங்காது. ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடற்கரையில் ஒரு மனிதரையும் காண முடியாது; வலைகள் கிடக்கும், நாய்கள் நிழலில் கிடக்கும், கடல் மட்டும் இரையும். ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் காக்காவும் போனபோது தறப்பாள் கட்டியபடியே இருந்தது. அவிழ்க்கக் குனிந்தவர் கையை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இந்த முடிச்சு நீங்க போட்டதா?"

நான் போட்டதல்ல. கயிறு இரண்டு தரம் சுற்றி, நுனி உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தது. அப்படி முடிச்சுப் போடுகிறவர் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தவர் மச்சான் ஒருவர்தான்.

தறப்பாளை விலக்கினோம். பாத வட்டங்கள் இரண்டும் ஈரமாக இருந்தன. சுற்றிலும் தட்டு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. காக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பில்ல," என்றார். "நல்ல தண்ணி." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒழு செய்துபோட்டு வாறார் தம்பி. கால் கழுவின தண்ணி."

"விசர்க் கதை கதைக்காதீங்க காக்கா."

"நான் விசரன்தான். நீங்க படிச்சவர், வேற என்னண்டு சொல்லுங்க."

அவர் அன்று கருவிகளைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அடுத்து வந்த நாட்களில் நான் தனியே போய்த் தட்டிப் பார்த்தேன். ஈரம் வற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் முன்வட்டத்தின் மேல் கை வைத்தபோது, அந்த வெயிலிலும் அது குளிர்ந்திருந்தது.

மறு வெள்ளி கரையில் காவல் இருக்க நினைத்தேன்; ஆனால் ஜும்ஆவைத் தவறவிட மனம் வரவில்லை. பள்ளியின் கடைசி வரிசையில் நின்று தொழுதேன். தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்ததும், அதன்பின் வரும் சுன்னத்துத் தொழுகைக்கு நிற்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு கரைக்கு நடந்தேன். மணல் கண்ணைக் கூசவைத்தது. படகின் அணியத்தில் கறுப்பாக ஓர் உருவம் குனிந்திருந்தது. காற்றில் அதன் ஓரங்கள் படபடத்தன. கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு அதன் பக்கத்தில் எங்கள் வீட்டு நீலத் தண்ணீர்க் கேனைக் கண்டேன்.

ராத்தா என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. கேனைச் சரித்து, கோப்பையால் பாத வட்டத்தில் ஊற்றினார்.

"சத்தம் போடாம ஏறுடா. இதைப் பாரு."

ஏறினேன். ஊற்றிய தண்ணீர் ஓடவில்லை. ஒரு கணம் தேங்கி நின்று, மெல்லிய உறிஞ்சல் சத்தத்தோடு உள்ளே போனது. அவர் மறுபடி ஊற்றினார். மறுபடி போனது.

"முதல்ல கழுவத்தான் வந்தன்," என்றார். "அவர் வந்தா சுத்தமா இருக்கோணுமே. மழைக்கு முந்தி ஒரு நாள் ஊத்தக்குள்ள இப்பிடி உள்ளுக்குப் போச்சு. ஆரோ குடிக்கிற மாதிரி. கடல்ல நல்ல தண்ணி கிடையாதேடா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கொண்டுவாறன். தறப்பாளையும் அவர் காட்டித்தந்த முடிச்சாலதான் கட்டிட்டுப் போறன்."

எனக்குச் சொல்ல வேண்டியது தெரிந்திருந்தது. மாதக்கணக்கில் அவர் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர்தான் உள்ளுக்குள் பரவிப் பலகையைத் தின்றிருக்கிறது. உப்புத் தண்ணீரில் பலகை தாக்குப்பிடிக்கும். நல்ல தண்ணீர் தேங்கினால் உளுத்துவிடும். அதைச் சொன்னால் மச்சான் குடிக்கிறார் என்று அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே நம்பிக்கையை நான் பொய்யாக்குகிறேன். சொல்லாவிட்டால் மூன்று குடும்பங்களின் ஆண்களை இந்தத் தட்டில் ஏற்றுகிறேன். நான் சொன்னேன். வெடிப்பை, பலகையை, துளையை, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கேனின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப, அவர் விழுந்ததும் இதாலயாடா?"

அவர் வாயிலிருந்து 'விழுந்தது' என்ற சொல் வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை.

"தெரியாது ராத்தா. அப்பவே வெடிப்பு இருந்ததோ என்னவோ. உண்மையாத் தெரியாது."

"நெத்தி வைக்கிற இடத்திலயும் ஈரமா?"

"ஓம்."

"அங்க நான் ஒரு சொட்டும் ஊத்தல்ல. தலை வைக்கிற இடத்தில ஊத்துவாங்களா?"

அணியத்தின் நுனி மற்ற இடங்களைவிட உயர்ந்தது. தண்ணீர் மேல்நோக்கி ஓடாது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"காக்காவக் கூட்டிவா," என்றார். "எனக்கு முன்னால வெட்டுங்க."

காக்கா வந்தார். கேனையும் ராத்தாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, நான் ஒரு கிழமையா ஊட்டுக்குள்ள லைட்ட அணைக்காமப் படுக்கிறன், புள்ள!" என்றார். ராத்தா சிரித்துவிட்டார், சிரிப்பு முடியுமுன்னே அழுதார்.

காக்கா வெட்டும் மெசினால் பைபர் தோலைச் சதுரமாக அறுத்து உரித்தார். உள்ளே பலகை கறுத்து, ஊறிய தவிட்டைப்போல் கையோடு வந்தது. அதில் கடல் வாடை இல்லை. எங்கள் கிணற்றடி வாடை வந்தது. ராத்தா தானும் குந்தியிருந்து இரண்டு கைகளாலும் அதை அள்ளி வெளியே போட்டார். முன்வட்டத்தைத் திறந்தபோது மேல்தோலில் வெடிப்பு எதுவும் இருக்கவில்லை. அடியில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, பலகை நனைந்திருந்தது.

"ஒட்டுப்பலகை திரிமாதிரி. தண்ணிய இழுத்திருக்கும்," என்றார் காக்கா, எங்கள் முகத்தைப் பாராமல். அது சரியான விளக்கமாக இருக்கலாம். அவர் அதையும் அறுத்தெடுத்து, காயவிட்டு, புதுப்பலகை இறக்கி, ரெசின் பூசி, பைபர் விரித்து மூடினார். இறுகியபின் நான் தட்டினேன். நுனிவரை கணீரென்று ஒலித்தது.

அந்தக் கிழமையே ராத்தா வெள்ளை உடுத்து, கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய துக்க காலமான இத்தாவுக்கு அமர்ந்தார். அது முடிந்தபின் மச்சானின் பெயரில் வீட்டில், இறந்தவர்களுக்காக ஓதும் கத்தம் ஓதினோம். அந்த மூவரும் இப்போது படகைக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள்.