வரவேற்பு மேசையில் நான் சொன்ன பொய்

கதவைத் தள்ளியதும் முதலில் மூக்கில் ஏறுவது கைக்குப் பூசும் மருந்தின் காரமான வாசம். அதற்குப் பின்னால்தான் டோஸ்டரில் யாரோ கருக்கிய பாணின் வாசமும் வாசலில் கழற்றிவிட்ட ஈரச் சப்பாத்துகளின் வாசமும் வரும். ரொறன்ரோவில், பிள்ளைகள் மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த அந்தச் சிவப்புக்கல் வீட்டில், தூர ஊர்களிலிருந்து நோயாளிப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களுக்குத் தருமமாக அறை கொடுத்தார்கள். நாங்கள் சட்பரியிலிருந்து வந்திருந்தோம். நான்கு வயதுத் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். அப்பா உணவக வேலையை விட முடியாமல் சட்பரியிலேயே நின்றுவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது என்பதால், ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் கூட வந்தேன், மொழிபெயர்ப்பாளராக. அந்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமை கொஞ்சம் இருந்தது, பயம் அதைவிட நிறைய இருந்தது.

அந்த வீட்டுப் பிள்ளைகளின் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது. மருந்துகள் அதைத் துடைத்துவிட்டிருந்தன. மற்றவர்களுக்கு வெறும் சளி, "தடிமன்" ஆக வந்து போவது அவர்களில் ஒருவரைக் கொன்றுவிடும். ஆகவே வரவேற்பு மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒவ்வொரு காலையும் எங்களை நிறுத்தி, யாருக்காவது காய்ச்சல், இருமல், மூக்கடைப்பு உண்டா என்று சிரித்த முகத்தோடு கேட்பார். இல்லை என்று நான் சொல்லுவேன். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

அம்மா ஐந்து தடவை இடம்பெயர்ந்தவர். முகாம்களிலும் சோதனைச்சாவடிகளிலும் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில் சொல்லித் தப்பி வந்தவர். "கேக்கிற ஆளிட்ட இல்லையெண்டு சொல்லிப்போட வேணும். ஓம் எண்டால் அடுத்த கேள்வி வரும், பிறகு பாயைச் சுருட்டச் சொல்லுவாங்கள்" என்பது அவர் எனக்குச் சொல்லித் தந்த பாடம்.

அந்த வசந்தத்தில்தான் இலங்கையில், வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஒரே அக்கா, எனக்குப் பெரியம்மா, புதுக்குடியிருப்பில் அதற்குள் அகப்பட்டிருந்தார். கடைசியாக அவர் குரலைக் கேட்டு ஆறு வாரமாகியிருந்தது. மருத்துவமனை இருந்த பெருந்தெருவிலோ எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லிக் கொடிகளோடும் பறையோடும் நாள் முழுக்க நின்றது. ஒரு மத்தியானம், தம்பிக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, அம்மா அவனைத் தாதியிடம் ஒப்படைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார்.

"அண்ணை, புதுக்குடியிருப்புச் சனம் ஆரும் கோல் எடுத்தவையோ?"

"இல்லைத் தங்கச்சி. ஒரு லைனும் இல்லை."

இருபது பேரிடமாவது கேட்டிருப்பார். ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எனக்கு மேலே பலர் அழுதார்கள், பலர் இருமினார்கள்.

மூன்றாம் நாள் காலை எனக்குத் தொண்டை நொந்தது. அன்றும் மேசையில் இல்லை என்று சொன்னேன். வாய் அதுவாகச் சொன்னது, பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் தம்பியின் நினைவு வந்தது. உண்மையைச் சொன்னால் எங்களை வெளியேற்றிவிடுவார்கள், தம்பியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது. சொல்லாவிட்டால் தம்பி செத்துப்போவான். இதற்கு மேல் எதையும் யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருமினேன். தம்பி "அக்கா, விளையாட வா" என்று கூப்பிட்டால் தலையிடி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். வாயைத் துவாயால் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல் ஏறியது. மருத்துவமனையில் ஒரு டாக்டர் குனிந்து என் கண்ணைப் பார்த்து, உங்களோடு இருக்கும் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கேள்வியை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

"ஓம் எண்டு சொல்லு" என்றார்.

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. உன்ர நெத்தி சுட்டது. நீ மேசையில நோ எண்டு சொல்லேக்க எனக்கு விளங்கினதுதானே. நானும் பேசாமல் நிண்டிட்டன். நான்தானே உன்னை அந்தச் சனத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போனனான். இப்ப ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் மூக்கிலும் தம்பி மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே கிருமி. நேரத்தோடு தெரிந்ததால் சரியான மருந்தை அன்றே தொடங்க முடிந்தது என்று டாக்டர் பிறகு அப்பாவிடம் சொன்னாராம். அது என்னைத் தேற்றச் சொன்னதோ என்னவோ, நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

எங்களை யாரும் வெளியேற்றவில்லை. கீழ்த்தளத்தில் தனிக்கதவுள்ள ஓர் அறையைத் தந்து, வாசலில் சூப் வைத்துவிட்டுப் போனார் அந்த மேசைப் பெண்மணி. ஒவ்வொரு காலையும் கேட்டதே அதற்காகத்தானாம், இப்படியான ஆட்களுக்கென்றே அந்த அறையை வைத்திருந்தார்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்பா ஓடி வந்து என்னோடு இருக்க, அம்மா ஒன்பது நாள் மருத்துவமனையில் தம்பியைத் தனியாக வைத்திருந்த கண்ணாடி அறைக்கு வெளியே இருந்தார். அந்த ஒன்பது நாளுக்குள் போர் முடிந்ததாக வானொலி சொன்னது. ஒன்பதாம் நாள் தம்பியின் காய்ச்சல் இறங்கியது. பெரியம்மாவைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் வரவில்லை.

தம்பி இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் வாடகைக்கு அறை எடுத்திருக்கிறான், ரயிலில் வேலைக்குப் போகிறான். இந்தக் கதையைச் சொன்னால், "அக்கா, சீரியஸா? எனக்கு ஒண்டுமே ஞாபகமில்லை" என்று சிரிக்கிறான். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். எங்களோடு அங்கே சமைத்துச் சாப்பிட்ட குடும்பங்களில் ஒன்றின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. போன மாதம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகும் வழியில் அந்த இடத்தைத் தாண்டினோம். அந்தக் காய்ச்சல் உன் பிழையா என் பிழையா என்று பேச்சு எழுந்தபோது, நான்தான் தம்பியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன் என்ற பயம் இன்னும் போகவில்லை என்று முதல் தடவையாக அவரிடம் சொன்னேன்.

"அந்தக் கண்ணாடிக்கு முன்னால இருந்து ஒவ்வொரு நாளும் கும்பிட்டனான்" என்றார் அம்மா. "உன்ர பெரியம்மாவையும் சேர்த்து ரெண்டு பேரையும் தா எண்டு கேக்கப் பயமாயிருந்தது பிள்ளை. தம்பியை மட்டும்தான் கேட்டனான்."