குச்சி வைத்து அளந்த வாய்

பல்லை எடுத்த டாக்டர் விருதுநகரில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் இருந்தார். கீழ்த்தாடையின் வலது கோடியில் என் ஞானப்பல் நேராக முளைக்காமல் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது. ஊசி போட்டு, ஈறைக் கிழித்து, உளியால் பல்லை இரண்டாகப் பிளந்து, இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக எடுத்தார். தலைக்குப் பின்னால் நின்ற கம்பவுண்டர் என் நெற்றியை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வலி தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. விறகு பிளக்கும் சத்தம் மண்டைக்கு உள்ளிருந்து வந்தது. எடுத்த துண்டுகளை ஒரு தாளில் மடித்து, வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பஞ்சைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ரத்தத்தைத் துப்பவே கூடாது, துப்பினால் நிற்காது என்று சொல்லி அனுப்பினார்.

சிவகாசி பஸ்ஸில் திருத்தங்கல் வரை விழுங்கிக்கொண்டே வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஜன்னல் வழியாகத் துப்பினேன். பின் இருக்கையில் இருந்தவர் வேட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காசநோய்க்காரனை எல்லாம் பஸ்ஸில் ஏற்றுகிறார்களே என்று கண்டக்டரிடம் முறையிட்டார். காசநோய் இல்லை, பல் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு இருக்கை காலியானது. சௌகரியமாகத்தான் வந்து சேர்ந்தேன்.

இது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது நான் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வாசிப்பவனாக இருந்தேன். தினசரி காலண்டர் அச்சடிக்கும் ஆபீஸ். திதி, நட்சத்திரம், ராகு காலம், சூலம், விரத நாள் என்று ஒவ்வொரு நாள் தாளிலும் இருக்கிற விவரத்தை ஜோசியர் எழுதித் தந்த கைப்பிரதியிலிருந்து நான் உரக்க வாசிப்பேன். எதிரே உட்கார்ந்திருக்கும் திருத்துநர் அச்சுக்கோத்த புரூஃபைப் பார்த்துக்கொண்டே வந்து, பிழை இருந்தால் பென்சிலால் குறிப்பார். காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும் வரை வாசிப்பு. எனக்குச் சம்பளம் என் குரலுக்காகக் கொடுக்கப்பட்டது. வேறு எதற்காகவும் அந்த நாற்காலியில் நான் தேவைப்படவில்லை.

பல் எடுத்தது ஐப்பசி கடைசியில். பட்டாசு லோடு எல்லாம் போய், ஊர் லாரி சத்தம் ஓய்ந்து, காலண்டர் சீசன் உச்சத்துக்கு வரும் நேரம். இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் போனேன்.

இரண்டு நாளில் வீக்கம் கண்ணுக்குக் கீழ்வரை ஏறியது. அதற்குப் பிறகு, குழியை மூடியிருந்த ரத்தக்கட்டி கழன்று விழுந்தது. உள்ளே எலும்பு வெறுமையாகத் தெரிந்தது. காற்றுப் பட்டாலே காதுக்குள் கம்பியை விட்டுத் திருகுவது போல இருந்தது. மறுபடியும் விருதுநகர். கிராம்பு எண்ணெயில் நனைத்த துணியை டாக்டர் குழியில் திணித்தார். வலி அடங்கியது. ஆனால் அதற்குள் தாடை இறுகிவிட்டது. மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவே ஒரு நகம் நுழையும் இடைவெளிதான். வாய் ஏன் திறக்கவில்லை என்பதை டாக்டர் அதிகம் விளக்கவில்லை. தாடைச் சதை பயந்துபோய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பழக்கித்தான் திறக்க வேண்டும் என்றார். மருந்து முக்காத வெறும் தீக்குச்சிகளை முன்பல்லுக்கு நடுவே அடுக்கி வைத்துக்கொள்ளவும், இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு குச்சியைக் கூட்டவும், மூன்று விரல் நுழைந்தால் குணம் என்று தெரிந்துகொள்ளவும் சொன்னார்.

"உங்க ஊர்ல குச்சிக்கா பஞ்சம்?" என்று சிரித்தார்.

பஞ்சமில்லைதான். என் மனைவி விஸ்வநத்தம் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தாள். மடியில் ஒரு கைப்பிடி வெறுங்குச்சி கொண்டுவந்தாள். அவளோடு வேலை பார்த்த பெண்கள், பேசாத புருஷன் கிடைக்க என்ன விரதம் இருந்தாய் என்று கேட்டதாகச் சொல்லி, அவளும் சிரித்தாள். நான் கஞ்சியைப் பல்லிடுக்கு வழியாக உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். மறைத்துச் சாப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எட்டு மணி நேரம் குச்சி அடுக்கிவிட்டு வந்தவளிடம் அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வாசிக்க முயன்றேன். நான் வாசித்தது எனக்கே புரியவில்லை. திருத்துநர் பென்சிலைக் கீழே வைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். நாலு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"ஏலே, உன் வாயில எலி கிலி செத்துக் கெடக்கா?" என்றார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய், நல்ல தொண்டையுள்ள பையன் ஒருவன் திருத்தங்கலில் சும்மா இருக்கிறான், வரச் சொல்லட்டுமா என்று முதலாளியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை. வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று மனிதர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். அந்த வாரங்களில் இதைப் பலமுறை பார்த்தேன். பின்னாளில் மதுரையில் ஒரு நாளிதழில் சேர்ந்து ஆஸ்பத்திரிகளுக்கும் கோர்ட்டுகளுக்கும் போனபோதும் பார்த்தேன்.

முதலாளி அவசரப்படவில்லை. வாய் திறக்கட்டும், பார்ப்போம் என்றார்.

வாய் திறக்கும் வரை அந்த நாற்காலியில் வேறொருவன் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு முன்னால் இருந்த வேலை. காலண்டர் அட்டையில் இரண்டு நீளத் துண்டுகள் வெட்டினேன். ஒன்றைக் கைப்பிரதியில் ஒரு வரிக்குக் கீழே வைத்தேன், மற்றொன்றைப் புரூஃபில் அதே வரிக்குக் கீழே. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே கண்ணால் ஒப்பிட்டேன். முதலில் தட்டுத்தடுமாறியது. நாலைந்து நாளில் கை பழகிவிட்டது. இருவர் சேர்ந்து உரக்க வாசித்துத் திருத்திய வேகத்தைவிட நான் ஒருவனே பேசாமல் திருத்தியது சீக்கிரமாக முடிந்தது. முறையைத் திருத்துநருக்கும் காட்டினேன். முதலில் பரிகாசம் செய்தார். பிறகு அட்டைத் துண்டை வாங்கிக்கொண்டு தன் பங்குத் தாள்களைத் தனியாகப் பார்க்கத் தொடங்கினார். அவருக்கும் தொண்டைக்காரப் பையனின் நினைவு போய்விட்டது.

முந்திய வருடம், உரக்க வாசித்தும், ஒரு அமாவாசையை ஒரு நாள் தள்ளி அச்சடித்து, கும்பகோணத்து ஆர்டர் ஒன்று முழுசாகத் திரும்பி வந்திருந்தது. இந்த வருடம் ஒரு தாளும் திரும்பவில்லை. முதலாளி எங்கள் அறை வாசலில் வந்து நிற்பார். இரண்டு மேசைகளையும் மாறி மாறிப் பார்ப்பார். மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. நான் என் நாற்காலியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

தினமும் காலையில் என் வாயை அளந்ததும் அவர்தான். நான் உள்ளே நுழைந்ததும் கூப்பிடுவார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்து குச்சிகளை வாங்கி, ஒவ்வொன்றாக முன்பல்லுக்கு நடுவே செருகுவார். நேற்று நுழைந்த அளவு நுழைந்துவிட்டால் நிறுத்த மாட்டார்.

"இன்னும் ஒண்ணு போகும்" என்று கட்டைவிரலால் அழுத்துவார். கண்ணில் நீர் வரும். "வலிக்கட்டும். வலிச்சாத்தான் தம்பி திறக்கும்."

வேறு எந்த முதலாளி வேலைக்காரன் வாயில் கையை விடுவார் என்று மிஷின் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் செருகிய எண்ணிக்கையை வைத்து அவர்களுக்குள் பந்தயமும் நடந்தது. தோற்றவர் டீயும் வடையும் வாங்க வேண்டும். ஒரு குச்சி கூடினால் ஒருவன் கைதட்டுவான், இன்னொருவன் என்னை முறைப்பான். எனக்கு வடை தின்ன முடியாது என்பதால் என் பங்கையும் அவர்களே தின்றார்கள்.

மத்தியானங்களில் குச்சிகளை வாயில் வைத்தபடியே வேலை பார்ப்பேன். கார்த்திகையில் ஒரு நாள் அப்படி இருக்கும்போது நாக்கில் உப்பும் கசப்புமாக ஏதோ கரைந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். சிவப்பு. மறுபடி துடைத்தேன். இன்னும் சிவப்பு. குழி திறந்துகொண்டது, பஸ்ஸில் வந்தது போல இனி நிற்கவே போவதில்லை என்றுதான் முதலில் தோன்றியது. குழாயடிக்கு ஓடினேன். மோவாயில் சிவப்பாக வழிய, வாய் முழுக்கக் குச்சியோடு ஓடியவனைப் பார்த்து மிஷினை நிறுத்தினார்கள். கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருக்கும்போதுதான் பின்னால் சிரிப்பு கேட்டது. திருத்துநர் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் வெளியே போயிருந்தபோது மேசையில் வைத்திருந்த என் குச்சிக் கட்டுக்குள் மருந்து முக்கிய குச்சி ஒன்றை, தலை உள்பக்கம் இருக்கும்படி சொருகி வைத்திருக்கிறார். சிவப்புத் தலைக் குச்சி. எச்சிலில் சாயம் கரைந்திருக்கிறது.

"நல்ல வேளை, உரசாமப் போனியே" என்றார். "உரசியிருந்தா பத்திரிகையில போட்டிருப்பாக."

முதலாளி சத்தம் கேட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரித்தவர்களை நிற்க வைத்து, சுகமில்லாதவனிடம் விளையாடுகிறவன் என் ஆபீஸில் வேலை பார்க்க வேண்டாம் என்றார். திருத்துநரின் பக்கம் திரும்பி, சொந்தமாக இருந்தாலும் இதுதான் பேச்சு என்றார். பிறகு என் தோளில் கை வைத்து உள்ளே அழைத்துப்போய், தன் டம்ளரிலேயே வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்காக எதையும் செய்யலாம் என்று இருந்தது. நான் செய்யக்கூடியதாக இருந்தது சீக்கிரம் வாயைத் திறப்பது ஒன்றுதான்.

அதன்பின் டாக்டர் சொன்ன அளவை விட்டுவிட்டேன். ஒரு குச்சி கூட்ட வேண்டிய இடத்தில் இரண்டைச் செருகினேன். வீட்டில் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, குச்சிகளுக்கு மேல் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். ஒரு முறை தாடை மூட்டில் சொடுக்கென்று ஒரு சத்தம் வந்து, கொஞ்ச நேரம் கண் இருண்டது. மனைவி கரண்டியைப் பிடுங்கி வைத்தாள். காலையில் முதலாளி எண்ணிப் பார்த்து, பரவாயில்லையே என்றார். மறுபடி கரண்டியை எடுத்தேன்.

மார்கழி பிறந்ததும் சோற்றைப் பிசைந்து உருட்டி உள்ளே தள்ள முடிந்தது. பேச்சு தெளிந்தது. யாரும் கேட்காமலே, ஒரு தாளை எடுத்துத் திருத்துநருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். முதல் வரி முதல் கடைசி வரி வரை எங்கும் குழறவில்லை. அவர் தன் அட்டைத் துண்டை நகர்த்திக்கொண்டே, "பேசாம இருலே, வரி விட்டுப்போகுது" என்றார்.

கடைசி ஆர்டர் லாரியில் ஏறிய மறுநாள் முதலாளி கூப்பிட்டார். வழக்கம்போலக் கையைக் கழுவிக்கொண்டார். குச்சி கேட்கவில்லை. திறக்கச் சொல்லி, ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து உள்ளே விட்டார். அவை பெரிய விரல்கள், மோதிரம் பல்லில் தட்டியது. விரல்களை உள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். வெளியே எடுத்துக் கழுவினார்.

"குணமாயிருச்சு" என்றார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, என் கணக்கை முடித்துக் கொடுக்கச் சொன்னார்.

எனக்குப் புரிய நேரமானது. அவர் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார். கோபமாகவோ சங்கடமாகவோ பேசவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் பேசாம வேலை பாத்தத நான் பாத்துக்கிட்டுத்தான தம்பி இருந்தேன். இதுக்கு ஒரு ஆள் போதும்னு கார்த்திகையிலயே தெரிஞ்சு போச்சு. அவன் சொந்தக்காரன், அவன அனுப்ப முடியாது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"வாய் கட்டிக் கெடக்கவன வெளிய தள்ளிட்டான்னு ஊருல பேசுவாக. இப்பத்தான் நல்லாத் திறந்துருச்சுல்ல. இனி எங்கன போயி வேலை கேட்டாலும் குடுப்பாக."

"திறக்காமலே இருந்திருந்தா?"

அவர் பொய் சொல்லி வழக்கமில்லாதவர்.

"வச்சிருப்பேன்" என்றார். "வேற என்ன செய்ய?"

கணக்குப்பிள்ளை கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். திருத்துநர் இரண்டு மேசைகளையும் சேர்த்துப் போட்டு ஒன்றாக்கிக்கொண்டிருந்தார். கனமாக இருந்தது போல, ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். வாய் குழறாமல், ஒரு விவரத்தையும் விடாமல் சொன்னேன். அவள் முதலாளியைத் திட்டவில்லை, அழவும் இல்லை. சோற்றை வடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள்.

"திறந்தத எதுக்கு அவுககிட்டக் காட்டுனீக?" என்றாள்.

தட்டை வைத்தாள். பிசையாத சோறும், முள் எடுக்காத கருவாடும். நான் மென்று தின்றேன். தாடை கொஞ்சம்கூட வலிக்கவில்லை.