அரைச் சுற்று

இன்று தெருவில் பெட்ரோல் வாசனை அடித்ததும், மரக்காணம் உப்பளத்தோரம் அப்பா பைக் நிறுத்தும் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே ரோடு போகிறது.

உப்புக் காற்று சைலன்சரை அரித்துவிடும். புது சைலன்சர் மாட்டினால் வண்டி திணறும். அப்பா, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் கார்புரேட்டர் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே தங்கச்சியை மட்டும் கேட்பார்: "சத்தம் சரியா இருக்குதா பாப்பா?"

என்னைக் கேட்டதே இல்லை. பொறுக்காமல் ஒருநாள், அவர்கள் சரிசெய்து முடித்த ஸ்குரூவை யாருக்கும் தெரியாமல் அரைச் சுற்று இறுக்கிவிட்டேன்.

மறுநாள் வண்டி கிளம்பவில்லை. "எவ இதுல கை வெச்சது?" என்றார் அப்பா. என் நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்ட தங்கச்சி, "யாரும் வெக்கலப்பா, நான்தான் நேத்து சத்தத்த சரியா கேக்காம சொல்லிட்டேன்" என்றாள்.

அப்பா திட்டவில்லை, அவள் தலையைத் தடவினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். செய்தது நான், தடவல் அவளுக்கு.