கந்தப்பன் கை நனைத்தது

எருமப்பட்டிக்குத் தெற்கே தோட்டம் வைத்துப் பாடுபட்டுக்கொண்டிருந்த கந்தப்பன், தன் அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஜமுக்காளமுமாகக் கல்லூரி விடுதியின் பதினேழாம் எண் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே இரண்டு கட்டில். ஒன்றில் அவருடைய தம்பி ராசப்பன் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் ஓர் அறையில் தங்குவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்த இருவரும் பேசிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

கந்தப்பன் கதவைப் பார்த்தார், பதினேழு. கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்; அதிலும் பதினேழு. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு விடுவிடுவென்று ஆபீசுக்குப் போனார்.

ஆபீசில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த வசந்தாமணி என்ற அம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ரூம் பிடிச்சுதுங்களா? ரெண்டு பேருக்கும் தகப்பனார் பேரு காளியப்பன்னு இருந்துச்சுங்க. ஊரும் ஒண்ணு. அண்ணன் தம்பியப் பிரிச்சுப் போடறது பாவமில்லீங்களா? அதான் சேத்திப் போட்டேன். பேச்சுத் தொணைக்கு ஆச்சு."

இப்படிக் கேட்கிறவளிடம் போய், "நாங்க பேசிக்கறதில்லீங்க" என்று எப்படிச் சொல்வது? ஊரிலென்றால் நாய்க்குக்கூடத் தெரியும். வெளியூரில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஆமாங்க, தொணைதானுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

அவர் வந்து சேர்ந்ததே ஒரு குளறுபடியில்தான். அது எண்பத்து நாலாம் வருஷத்து மே மாதம். சேலத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கல்லூரியில், கோடை விடுமுறையில் விடுதி சும்மா கிடக்கிறதே என்று, ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஏழு நாள் தங்கிப் படிக்கும் வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டியிருந்த நோட்டீசை யாரோ பாதி படித்துவிட்டு, "கோழிப் பண்ணைப் பயிற்சியாம்" என்று கந்தப்பனிடம் சொன்னார்கள். நாமக்கல் பக்கம் வீட்டுக்கு வீடு கோழிக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கந்தப்பன் கோழியை நம்பிக் கிளம்பினார். அதே ஆள் அதையே ராசப்பனிடமும் சொல்லியிருக்கிறான். வந்து பார்த்தால் ஒரு கோழி இறகுகூட இல்லை. முதல் நாளே, பூமி எப்படிச் சுற்றுகிறது என்று ஒரு உருண்டையை வைத்துக்கொண்டு காட்டினார்கள். கந்தப்பனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

பகையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா காளியப்பன் போனபின் நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாதே. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. அறுபத்தெட்டில் மழை ஏய்த்துவிட்டது. கந்தப்பன் மிளகாய் போட்டிருந்தார். ராசப்பன் தன் முறை முடிந்தும் ஆயில் எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டிக் கிணற்றை வறளடித்துவிட்டான் என்பது கந்தப்பன் கட்சி. என் முறையில் மட்டும்தான் ஓட்டினேன், கிணறு தானாக வற்றியது என்பது ராசப்பன் கட்சி. மிளகாய் பூவோடு கருகிப் போனது. மாரியம்மன் நோம்பியன்று ஊர் கூடி நிற்கையில் கந்தப்பன் கோயில் வாசலில் நின்று கத்தினார்: "இனி உன் ஊட்டுலயோ உன் கையாலயோ நான் ஒரு வாய் கை நனைச்சா, காளியப்பனுக்குப் பொறந்தவன் இல்லடா!"

கை நனைப்பதென்றால் எங்கள் பக்கத்தில் சும்மா சாப்பிடுவதல்ல. ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் உறவு உண்டு என்று அர்த்தம். நனைக்க மாட்டேன் என்றால் உறவு அறுந்தது. அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் அண்ணன் முதல் பந்தி என்றால் தம்பி இரண்டாம் பந்தி. கிணற்று முறை மாற்றக்கூட அவர்கள் வாயைத் திறக்கவில்லை. கிணற்று மேட்டில் ஒரு வெள்ளை வெங்கச்சாங்கல். அது கிழக்கே இருந்தால் கந்தப்பன் நாள், மேற்கே இருந்தால் ராசப்பன் நாள். முறை முடித்தவர் கல்லை நகர்த்தி வைத்துவிட்டுப் போவார். பதினாறு வருஷமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே பேசியது அந்தக் கல் ஒன்றுதான்.

அறையில் கல் இல்லை. அதனால் ராசப்பன் சன்னலைப் பார்த்துப் பேசினார். "காத்து வேணும்னா தெறந்துக்கலாம். எனக்கொண்ணும் இல்லெ." கந்தப்பன் தகரப் பெட்டியைப் பார்த்துப் பதில் சொன்னார். "தெறந்தாக் கொசு வரும்." இரண்டு நாள் சன்னலும் பெட்டியும் இப்படிப் பேசிக்கொண்டன.

பெரிய சங்கடம் சாப்பாட்டு அறையில்தான். நீளமான ஒரே மேசை. அதில் தம்பியோடு உட்கார்ந்தால் அது கை நனைத்ததாகுமா, ஆகாதா? கந்தப்பனுக்கு விளங்கவில்லை. மேச்சேரியிலிருந்து வந்திருந்த தங்கமுத்துவிடம் மட்டும், கூச்சத்தை விட்டுச் சத்தியத்தைச் சொல்லிக் கேட்டார். தங்கமுத்து செம்மறியாட்டுக்காரர், நாலு ஊர் நியாயம் தெரிந்தவர்.

"சோறு போடறது காலேஜுங்க. அதுல உங்க தம்பி ஊடு எங்க வந்துது?" என்றார் தங்கமுத்து. பிறகு அவரே தாடையைச் சொறிந்துகொண்டு, "ஆனா ஒரே சட்டிச் சோறு பாருங்க. அதையும் யோசிக்கோணும்" என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று கந்தப்பனுக்குத் தோன்றியது.

எதற்கு வம்பென்று, தம்பி சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்து, பிறகு போனார். முதல் நாள் போனபோது குழம்பு தீர்ந்துவிட்டது. ஆறிப்போன சோறும் மோரும்தான். மறுநாளிலிருந்து ராசப்பன் அள்ளிப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் எழுந்து வர ஆரம்பித்தார். "பஞ்சத்துல அடிபட்டவனாட்டத் திங்கறான்" என்று கந்தப்பன் மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் சௌந்திரம் என்ற பேராசிரியை ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் மணலும் தண்ணீரும். மணலுக்குள் இரண்டு குழாயைச் செருகி, ஒன்றில் உறிஞ்சினார். இரண்டிலும் தண்ணீர் இறங்கியது. "நிலத்துக்கு மேலதான் வரப்பு இருக்கு. தண்ணிக்கு வரப்பு தெரியாது" என்றார்.

யாரும் எதிர்பார்க்காமல் ராசப்பன் எழுந்து நின்றார். முழங்கால் வலியில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "ஏனுங்கம்மா, அறுபத்தெட்டுல எங்க கெணறு வத்துச்சுங்க. அது நான் எஞ்சின் ஓட்டுனதால வத்துச்சுங்களா, தானா வத்துச்சுங்களா?"

கந்தப்பன் திரும்பித் தம்பியைப் பார்த்தார். இத்தனை வருஷமாக, தன் முறை தாண்டி ஓட்டவே இல்லை, கிணறு தானாக வற்றியது என்று சாதித்தவனல்லவா இவன்? இப்போது, நான் ஓட்டியதால்தானா என்று நாற்பது பேர் நடுவில் கேட்கிறான். அந்தச் சந்தேகம் அவனுக்கும் இருந்திருக்கிறதா?

பேராசிரியை சுற்றி எத்தனை கிணறு, எவ்வளவு ஆழம், மழை எத்தனை அங்குலம் என்றெல்லாம் கேட்டார். ராசப்பனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பேராசிரியை, "எனக்குத் தெரியலைங்க. எஞ்சினாலயும் இருக்கலாம், மழையில்லாததாலயும் இருக்கலாம், அக்கம்பக்கத்துக் கெணறெல்லாம் சேர்ந்து உறிஞ்சுனதாலயும் இருக்கலாம். இனி யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

அவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொல்லிக் கந்தப்பன் கேட்டதில்லை. அவர் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். தம்பிதான் வறளடித்தான் என்ற ஒரு நிச்சயத்தின் மேல்தான் பதினாறு வருஷக் கோபமும் நின்றுகொண்டிருந்தது. அந்தம்மாள் அதை இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. இனி கோபப்படுவதா, கூடாதா? அப்படியே கோபம் போனாலும் அம்மன் வாசலில் செய்த சத்தியம் போகுமா? தம்பி வேண்டுமென்றால் அப்பனை விடவேண்டும். அப்பன் வேண்டுமென்றால் தம்பியை விடவேண்டும். தானே கட்டிய முடிச்சில் தானே மாட்டிக்கொண்டு மனிதர் தவித்துப் போனார்.

ஏழாம் நாள் மதியம் விருந்து. சமையல்காரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நாமே சமைப்போம், நாமே பரிமாறிக்கொள்வோம் என்றார்கள். பாதிப் பேர் இலையில் உட்கார, மீதிப் பேர் பரிமாற வேண்டும். வசந்தாமணி பெயர் வாசித்தாள். கந்தப்பன் இலையில், ராசப்பன் சோற்று வாளியில்.

கந்தப்பன் தங்கமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ பொரியல் வைத்தார்கள், யாரோ உப்பு வைத்தார்கள். ராசப்பன் வாளியோடு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து, வரிசையாகச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். உன் கையால என்று சொன்ன சத்தியம் அப்படியே நடந்து வருவது போல இருந்தது கந்தப்பனுக்கு. எழுந்துவிடலாமென்றால் இலையில் உட்கார்ந்தவன் எழுவது போட்டவர்களுக்கு அவமானம்.

ராசப்பன் அவர் இலைக்கு முன்னால் வந்து ஒரு கணம் நின்றார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. போடவும் இல்லை. தாண்டிப் போய்த் தங்கமுத்துவின் இலையில் போட்டார்.

தங்கமுத்து அதைப் பார்த்துவிட்டார். "உங்க சத்தியத்த உங்களவிட அவருதானுங்க காப்பாத்தறாரு" என்றார் மெல்ல. "அண்ணன் வெளிய பசியோட நிப்பாருன்னு, சூடா இருக்கறப்பவே அவசர அவசரமாத் தின்னுட்டு ஓடுனாரே, கண்டீங்களா? தெனமும் அவருக்கு விக்கல் எடுத்ததப் பாத்தேன்."

கந்தப்பன் அதைக் கவனித்திருக்கவில்லை. பஞ்சத்தில் அடிபட்டவன் என்றல்லவா திட்டினார்? வரிசை முழுவதும் ஆவி பறக்கும் சோறு. தன் இலையில் மட்டும் சோற்றுக்கான இடம் பச்சையாக, வெறுமையாக இருந்தது. இந்த வெற்று இலையைத்தானே பதினாறு வருஷமாக வீம்பு வீம்பு என்று கட்டிக்கொண்டு அழுதோம் என்று வெட்கமாக இருந்தது.

"சாமி," என்று கூப்பிட்டார். சின்ன வயசில் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார். "எனக்குச் சோறு போடாமப் போறயே?"

ராசப்பன் திரும்பினார். வந்து குனிந்து, ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, நிறுத்தத் தெரியாமல் போட்டுக்கொண்டே இருந்தார். "போதும்டா, இலை தாங்காது" என்று கந்தப்பன் கையை நீட்டித் தடுக்க வேண்டியிருந்தது. குழம்பு வருமுன்பே வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் அவர் தங்கமுத்துவைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். "ஏனுங்க, இப்ப நான் எங்கப்பனுக்குப் பொறந்தவனா, இல்லீங்களா?"

"ஆபீசு நோட்டுல காளியப்பன் மகன்னு எழுதியிருக்குதுங்களே" என்றார் தங்கமுத்து. அது போதுமா போதாதா என்று கந்தப்பனுக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்கள். பதினாறு வருஷம் பேசாதவர்களுக்கு எதிலிருந்து தொடங்குவதென்று புரியவில்லை. ஊரில் இறங்கி நடந்து, வண்டிப் பாதை பிரியும் இடத்தில், "வாரனுங்கண்ணா" என்றார் ராசப்பன். கந்தப்பன் தலையை ஆட்டினார். விடுதியில் பேசியது ஊரில் செல்லுமா? அதுவும் தெரியவில்லை.

விடிந்ததும் கிணற்றுக்குப் போனார். கிழக்கே கல் இல்லை. மேற்கேயும் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவி முத்தாயம்மாளிடம் கேட்டார்.

"அந்த வெங்கச்சாங்கல்லா? தொவைக்கற கல்லு ஆடுச்சுன்னு சென்னம்மா எடுத்து அண்டக் குடுத்துட்டா." சென்னம்மாள் ராசப்பனின் மனைவி.

"அப்ப முறை?"

"என்ன முறை? நீங்க ரெண்டு பேரும் இல்லாத ஏழு நாளும் எந்தப் பாத்தி காஞ்சுதோ அதுக்குத் தண்ணி உட்டோம்."

"அவகூடப் பேசுனயா?"

முத்தாயம்மாள் துணியை ஓங்கி அடித்தாள். "எப்பப் பேசாம இருந்தோம்?"

மேற்கிலிருந்து ராசப்பன் மண்வெட்டியோடு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்துகொண்டிருந்தார். அவரும் கல்லைத் தேடினார், அண்ணனைப் பார்த்தார். இனி வாயைத் திறந்தாக வேண்டும்.

"இன்னிக்கு யாரு முறைடா?" என்றார் கந்தப்பன்.

ராசப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "தெரியலீங்கண்ணா."

"எனக்குந் தெரியலெ." கந்தப்பன் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி, இரண்டு தோட்டத்துக்கும் பிரியும் இடத்துக்கு வந்தது. மேற்கே தம்பியின் பாத்தியில் மிளகாய் பூவெடுத்திருந்தது. கந்தப்பன் மண்வெட்டியை வாங்கி மேற்கு மடையை வெட்டிவிட்டார்.

"மொதல்ல மொளகாய்க்குப் போவட்டும் சாமி" என்றார்.