கேபினில் இருந்த பெண்

என் அண்ணனின் கல்யாணம் இரண்டாவது ஓலையோடு நின்றுபோனது. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில், கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரைப் படிப்பார். அதுதான் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். இங்கே கோயிலே மூடியைத் திறந்துவைத்துக் கூப்பிட்டது.

அண்ணனுக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை. பேச்சு குறைவு. திருவொற்றியூர்ப் பெண்ணை நிச்சயம் செய்ததிலிருந்து அவள் போட்டோவைத் துறைமுக பாஸுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரிந்தான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஆன்லைன் கேம் பைத்தியம் அவனுக்கு இல்லை, எனக்கு. கம்ப்யூட்டர் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு டோல்கேட் பக்கம் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். பிளைவுட் தடுப்பு, ஸ்கிரீன் துணி தொங்கும் கேபின்கள். கையில் வாள், எதிரே பூதம், கூட நின்று சண்டை போட முகம் தெரியாத பத்து நாட்டுக்காரர்கள். அங்கே நான்தான் படைத்தலைவி. வீட்டில் கருவாடு கழுவுகிறவள்.

அண்ணன் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான். திட்டவில்லை. "தனியா போவாத, நானும் வர்றேன்" என்றான். ஷிஃப்ட் முடிந்து வந்து என்னோடு அதே கேபினில் உட்காருவான். அவனும் ஆடுவான், சண்டைக்குள் போனதும் செத்துவிடுவான். அவன் வர முடியாத நாட்களில் தனியாகவும் போனேன்.

கேம் ஆடுகிறவர்களைப் பற்றித் தெருவில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். உருப்படாதவன், சூதாடி, ஸ்கிரீனுக்குப் பின்னால் கண்ட படம் பார்க்கிறவன். ஆம்பிளைக்கே இந்தப் பட்டம் என்றால் பெண்ணுக்கு என்ன என்று சொல்ல வேண்டாம். டிரெய்லர் லாரிப் புழுதிக்காக எல்லாப் பெண்களையும் போல நானும் முகத்தில் துப்பட்டா சுற்றிக்கொள்வேன். கேபினுக்குள் போகும்வரை அவிழ்க்க மாட்டேன்.

இரண்டாவது ஓலை படித்த அன்று பூசை முடிந்ததும் பெண்ணின் அம்மாவும் தாய்மாமனும் வீட்டுக்கு வந்தார்கள். மாமனுக்குக் காசிமேட்டில் ஐஸ் வியாபாரம்.

"பிரவுசிங் சென்டர்ல உனுக்கு இன்னா வேல?" என்று அண்ணனைக் கேட்டார்.

"கேம் ஆடுவேன் மாமா."

"இருவத்தெட்டு வயசுல கேமா? ஏன், பால்புட்டியும் வாங்கித் தரட்டா?" பெண்ணின் அம்மா சிரித்தார். மாமன் சிரிக்கவில்லை. "கேம் ஆட்றவனுக்குக் கேபின்ல பொண்ணு எதுக்கு? மூஞ்சில துப்பட்டா சுத்திகினு ஒருத்தி உங்கூட உள்ள பூந்தாளாமே. எங்காளு கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான்."

அண்ணன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரே ஒருமுறைதான். நான் காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

'அது நான்தான்' என்று சொன்னால் போதும், கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அதற்கப்புறம் நான் கேபினில் உட்கார்ந்த பெண். தனியாகப் போன நாட்களுக்கு யார் சாட்சி? எனக்கும் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். நடந்து போய்க் காபியைக் கொடுத்தேன்.

"சக்கர போதுமா மாமா?" என்றேன்.

"தங்கச்சி பாரு, எவ்ளோ லட்சணமா கீது" என்றார் அவர் அண்ணனிடம். "நீயும் இதே வூட்லதான பொறந்த? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? இப்ப சொல்லு, யாரு அந்தப் பொண்ணு?"

"அத சொல்ல மாட்டேன் மாமா."

அத்தோடு முடிந்தது. அவர்கள் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் அம்மா அவனைத் துடைப்பத்தால் அடித்தார். வளர்ந்த ஆள், கையால்கூடத் தடுக்காமல் வாங்கிக்கொண்டான். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பயம் போன நிம்மதி. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"இனிமே அங்க போவாத" என்றான் சாயங்காலம். நானும் போகவில்லை.

சில மாதம் கழித்து என்னைப் பார்க்க எண்ணூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. தரகர் முதலிலேயே சொல்லிவிட்டார், அந்த அண்ணன்காரன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறார்களாம். அண்ணனிடம் இதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது.

"அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ வெளிய இருண்ணா."

"எங்க போய் இருக்கட்டும்?"

"எங்கியாவது. தெருவுல மட்டும் நிக்காத."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் நின்று, "புடவ நல்லா கீது" என்றான். அவன் தெருமுனை திரும்பிவிட்டானா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, பூ வைக்க உட்கார்ந்தேன்.