வலக்கை அறிந்ததை இடக்கைக்குக் கற்பித்த எங்கள் அண்ணார்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எங்கள் அண்ணாரின் முதலாண்டு நினைவு நாளுக்கு வெயிலையும் பொருட்படுத்தாது வந்து, இம்மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். நான் அவருக்கு ஆறு வயது இளையவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறிக்கு வந்தவன். சொல்லில் பிழை இருந்தால் பொறுத்தருள்க. செய்தியில் பிழை வராமல் எழுதியிருக்கிறேன்.

அண்ணார் எங்கள் தாயாரின் பிறந்தகமாகிய மணவூரில் பிறந்து, திருத்தணி மலையடியில் எங்கள் தந்தையாராகிய நைனாவின் தறிக்கொட்டகையில் வளர்ந்தார். நெசவு அவருக்குத் தொழில். மிருதங்கம் அவருக்கு உயிர். அமர்ந்து பாடம் கேட்க ஆசான் ஒருவரும் வாய்க்கவில்லை. கிருத்திகைதோறும் மலைக்கு வரும் வெளியூர்ப் பஜனைக் குழுக்களின் அருகில் அமர்ந்து, பிறர் பாட்டைக் கேட்கையில் இவர் மட்டும் மிருதங்கக்காரரின் விரல்களையே பார்த்துக் கற்றார். இருபத்தைந்து வயதில் எங்கள் தெருப் பஜனைக் குழுவுக்கு அவரே மிருதங்கக்காரர் ஆனார்.

வாசிப்பைப் பற்றி யார் கேட்டாலும் அவர் நான்கு சொற்களைத்தான் சொல்வார்: த, தி, தொம், நம். நாதத்துக்காக ரவைப் பசை அப்பிய இடப்பக்கத் தோலாகிய தொப்பியில் உள்ளங்கை படிய அடித்தால் ‘த’. அதன் ஓரத்தை விரல்களால் தட்டி உடனே எடுத்தால் ‘தொம்’. வலப்பக்கத் தோலாகிய வலந்தலையின் நடுக் கருப்பில் மூன்று விரல்களும் சேர்ந்து விழுந்தால் ‘தி’. மோதிர விரல் கருப்பின் ஓரத்தை இலேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழுந்தால் ‘நம்’. மோதிர விரல் அழுத்தினால் நாதம் செத்துவிடும், தொடாவிட்டால் சிதறிவிடும். “அந்த வெரலு அடிக்கறதே இல்லடா. சும்மா தொட்டுகினு கீது. ஆனா அதான் வாசிக்குது” என்பார்.

அந்த விரலைத்தான் அவர் இழந்தார்.

நைனா கைத்தறிகளை விற்று விசைத்தறி இரண்டு போட்டிருந்த காலம் அது. மின்சாரம் நின்றால் முதற்காரியமாகச் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகுதான் எவரும் தறியில் கை வைக்கலாம். கொட்டகையின் முதல் விதி இது. அணைப்பது என் பொறுப்பு. அன்று பகலில் மின்சாரம் நின்றது. நான் அணைக்காமல் தேநீர் குடிக்க வெளியே போய்விட்டேன். நான் அணைத்திருப்பேன் என்று நம்பி, அண்ணார் அறுந்த இழையை முடிச்சிட உள்ளே கை நீட்டினார். மின்சாரம் வந்துவிட்டது. வலக்கை மோதிர விரலின் மேற்கணு இரண்டும் சக்கரத்தில் நசுங்கிப் போயின.

மருத்துவமனை வாசலில், எப்படி நடந்தது என்று நைனா அவரைக் கேட்டார். அண்ணார் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “நான்தான் சுவிட்ச அணைக்க மறந்துட்டேன் நைனா” என்றார்.

நைனா கொதித்துப் போனார். “மத்தளத்து நெனப்புலயே தறில கைய வுட்டுக்கிறான்! இனிமே அந்தக் கட்டைய எவனாவது தொட்டா பாரு!” என்று சொல்லி, மிருதங்கத்தைக் கொட்டகையின் பின்னறையில் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போட்டுவிட்டார். நான் செய்த குற்றத்தை மிருதங்கம் சுமந்தது.

கட்டுப் பிரித்த அன்று, “அண்ணா, நைனாகிட்ட உண்மையச் சொல்லிடறேன்” என்றேன்.

“சொன்னா? உன்னத் தறிகிட்ட சேக்கவே மாட்டாரு. உனக்கு வேற இன்னா வேலை தெரியும்? நீ சொல்லிட்டா வெரலு மொளைச்சிருமா?”

“மத்தளம்?”

“எனக்கு இன்னொரு கை கீதுடா.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுமாதம், தறிகள் ஓடும் இரைச்சலில் வெளியே எதுவும் கேளாது என்று அறிந்து, பின்னறைக்குப் போய் மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டு அமர்ந்தார். வலந்தலை இடக்கைக்கு வந்தது. தொப்பி வலக்கைக்குப் போனது. பத்தாண்டு வாசித்தவர், முதல் நாள் பாடத்திலிருந்து தொடங்கினார்.

ஐயா, இரைச்சல் நைனாவின் காதை மறைத்ததுபோல் அண்ணாரின் காதையும் மறைத்தது. தம் வாசிப்பு அவருக்கே கேட்கவில்லை. ஆகவே என்னைத் தோலின் ஓரத்தில் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கச் சொன்னார். அதிர்வு நீண்டு நின்றால் தலையசைப்பேன். பட்டென்று அடங்கினால் கையை விரிப்பேன். தொம் வாசித்தே பழகிய இடக்கை முரடாக விழுந்தது. நான் கையை விரித்த நாட்களே மிகுதி. தறியின் ஓட்டமே அவருக்குத் தாளம். முதற்காலத்தின் மெதுநடையில் சுத்தமாகாத எதையும் இரண்டாம் காலத்தின் வேகத்துக்குக் கொண்டு போகவே மாட்டார். நான் அவசரப்பட்டால், “வேகம் தானா வரும்டா. நாம போயி கூட்டினு வரக்கூடாது” என்பார். அந்த நான்கு சொற்களிலேயே எட்டு மாதம் கழிந்தது. அதன் பிறகே தகதிமி. அதற்கும் பிறகே தகிட, தரிகிடதொம்.

இரண்டாண்டு சென்றபின் ஓர் ஆடிக் கிருத்திகைக் காலையில், பொய்கைக்கரை மண்டபத்தில் எங்கள் குழு பாட அமர்ந்தது. கே.ஜி.கண்டிகையிலிருந்து வரவேண்டிய டோலக்குக்காரர் கூட்டத்தில் சிக்கி வந்து சேரவில்லை. நைனா தூணோரம் அமர்ந்திருந்தார். அவர் எதிரிலேயே நான் எழுந்து, “அண்ணா வாசிப்பாரு” என்று சொல்லிவிட்டு, கொட்டகைக்கு ஓடி மிருதங்கத்தைத் தூக்கி வந்தேன்.

வலந்தலை சாமிப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். திருப்பி வாசிப்பவர் அதன்படி அமர வேண்டுமானால், ஆர்மோனியக்காரரின் இடம்தான் வேண்டும். அவர் குழுவின் தலைவர். எங்களுக்குப் பாவா, அதாவது அத்தான் முறை.

“இன்னா மச்சான், மத்தளத்தத் திருப்பி வெச்சிகினு! அந்தப் பக்கமா குந்து.”

“அங்க குந்துனா வலந்தலை சாமிக்கு முதுகு காட்டும் பாவா.”

“அதுக்கு நான் எழுந்துக்கணுமா? இருபது வருசமா இங்கதான் குந்திகினு கீறேன். பெட்டிக்கே இந்த எடம் பழகிப்போச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணார் சிரிக்கவில்லை. “ஒரு பாட்டுக்கு இப்டி ஓரமா குந்தி வாசிக்கறேன் பாவா. முடிப்பு எடம் தப்புச்சுனா நானே மத்தளத்தத் தூக்கினு போயிடறேன்” என்றார்.

அன்று தவறியிருந்தால் அந்த மிருதங்கம் மறுபடி வெளிச்சம் கண்டிராது. அண்ணார் வித்தை எதுவும் காட்டவில்லை. பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வாசித்தார். பாட்டின் முடிவில் ஒரே சொற்கட்டை மும்முறை வாசித்துத் தாளத்தின் தொடக்கத்தில் வந்து நிற்க வேண்டும். கை பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுமோ என்று நான் அவர் விரல்களையே பார்த்திருந்தேன். மூன்றாம் முறை கடைசி ‘நம்’ சரியாக இடத்தில் விழுந்து, மணிபோல் நின்றது. அதுவரை விரலால் மட்டுமே அறிந்திருந்த இடக்கையின் நாதத்தை அன்றுதான் நான் காதால் கேட்டேன்.

பாவா எழுந்து, ஆர்மோனியத்தைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். “வா மச்சான், இங்க குந்து. பெட்டி எங்க வெச்சாலும் பாடும்” என்றார்.

வீடு திரும்பும் வழியில் நைனா என்னிடம் மட்டும், “கடைக்குப் போனா ரவை வாங்கினு வாடா. தொப்பில அப்பறதுக்கு வீட்ல இல்ல” என்றார்.

அதன்பின் அண்ணார் பல்லாண்டு வாசித்தார். திருவாலங்காடுவரை அழைத்தார்கள். குழுவில் புதிதாக வாசிக்க வந்தவர்கள் பிழை செய்தால், பாட்டு முடியும்வரை கண்டுகொள்ளாதவர்போல் இருந்துவிட்டு, தனியே அழைத்துச் சொல்வார். நைனா உண்மை அறியாமலே காலமானார். எங்கள் இருவரிடையிலும் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

மூச்சுத் திணறலில் அவர் படுத்திருந்த கடைசி வாரம், ஒரு பிற்பகலில் மின்விசிறி நின்றது. கண் திறந்து என்னைப் பார்த்தார்.

“கரண்டு போச்சா?”

“ஆங், போச்சுண்ணா.”

“சுவிட்ச அணைச்சியாடா?”

உதட்டில் சிரிப்பு இருந்தது. நான் எழுந்து கொட்டகைக்குப் போய், அணைத்துவிட்டு வந்து, “அணைச்சிட்டேண்ணா” என்றேன். தலையசைத்தார். அன்று தோலில் விரல் வைத்துப் பார்த்து நான் அவருக்கு அசைத்த அதே அசைப்பு.

இரவு பகல் பாராது பணிவிடை செய்த அண்ணியாருக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், இறுதி ஊர்வலத்தில் பாடிவந்த பஜனைக் குழுவினருக்கும், அன்று மிருதங்கத்தைத் தம் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த பாவாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

மத்தள நினைப்பில் விரலை விட்டவர் என்று இன்றும் ஊரில் அன்போடு சொல்லக் கேட்கிறேன். அது உண்மையன்று. மத்தளத்தின் மேல் பிழையில்லை, அவர்மேலும் பிழையில்லை. பிழை இந்தத் தம்பியினுடையது. இம்மலரை எறிந்துவிடாமல் உங்கள் வீட்டில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.