கயிற்றில் மிஞ்சிய சட்டை

பங்குனி வெயிலில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். சேலம் போகிற பஸ் எங்கள் காட்டோரம் வந்து நின்றது. அங்கே ஸ்டாப் கிடையாது. கண்டக்டர் பையன் படியிலிருந்து இறங்கி வந்து, "அண்ணா, சூசையண்ணன் போயிட்டாருங்க. கிருஷ்ணகிரில, பொண்ணு வூட்ல. மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தவருதான்" என்றான். நான் கையில் கொடியோடு நின்றேன். இரண்டு விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும். அன்று அவன் விசில் கொடுக்கவில்லை. டிரைவர் தானாகவே மெல்ல எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'அய்யோ, கோடை லீவு வருதே' என்றுதான் தோன்றியது. ஒரு மனுஷன் செத்த சேதி கேட்டதும் பள்ளிக்கூட லீவை நினைக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். அன்று ஊரில் பாதிப் பேர் அதையேதான் நினைத்திருப்பார்கள்.

அந்தோணியார் திருவிழா மலரில் அவரைப் பற்றி எழுது என்று பங்குச் சாமியார் சொன்னபோது, என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்களே என்றேன். நான் எட்டாவது வரை படித்தவன். கல்யாணப் பேச்சின்போது பத்தாவது என்று சொல்லிவைத்தார்கள். அதை என் மனைவி பச்சையம்மாள் இன்னும் மறக்கவில்லை. "ஏரிக்கரையில அவரோட கூட நின்னது நீதானே, மாதையா" என்றார் சாமியார். நிஜம்தான். நின்றேன். கால் வலிக்க வலிக்க நின்றேன்.

சூசையண்ணன் அந்தச் சேலம் பஸ்ஸில்தான் கண்டக்டராக இருந்தார். ஒரு கோடையில் பெங்களூரிலிருந்து பாட்டன் வீட்டுக்கு லீவுக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணை, ஏரிக்கரை ஸ்டாப்பில் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மூன்றாம் நாள் அந்தக் குழந்தை ஏரியில் போய்விட்டது. நம் ஏரியைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். வறண்ட காலத்தில் வண்டி கட்டிப்போய் வண்டல் வெட்டிக் காட்டில் கொட்டுவது நம் வழக்கம். செம்மண் காட்டுக்கு அதுதான் உரம். வெட்டின குழி அப்படியே கிடக்கும். மழைக்குத் தண்ணீர் ஏறினால் குழி தெரியாது. மறு கோடையில் முழங்கால் தண்ணீர்தானே என்று நடக்கிற பிள்ளை, அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடும். குழி எங்கே என்பது வெட்டினவனுக்கு மட்டும்தான் தெரியும். லீவுக்கு வந்த பிள்ளைக்கு யார் சொல்வது?

"நான் எறக்கி வுட்ட புள்ளடா அது" என்று அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் தொப்பூர் இறக்கத்தில் அவர் பஸ் சாய்ந்தது. உயிர் தப்பினார், இடது கால் தப்பவில்லை. விந்தி விந்தி ஊரோடு வந்து சேர்ந்தார். அடுத்த சித்திரையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "மாதையா, ஏரியில வெளையாட்டுப் போட்டி நடத்தப் போறோம்" என்றார்.

"எதுக்குண்ணே?"

"புள்ளைங்களைப் போவாதன்னா போவாம இருக்குமா? வெயிலு இப்படி அடிக்குது. போறதுதான் போவுது, எல்லாம் ஒரே நேரத்துல, ஒரே எடத்துல, நம்ம கண்ணு முன்னால போவட்டும்."

இவ்வளவுதான் நம் ஊர்க் கோடை விழாவின் கதை. காரிமங்கலம் வரை பேர் வாங்கிய, லாரி டியூப்பில் மிதந்து போகிற போட்டி, நீச்சல் போட்டி, காய்ந்த ஏரித் தரையில் கபடி, பெரியவர்களுக்கு வாலிபால், கடைசி ஞாயிறு எவர்சில்வர் டம்ளர் பரிசு எல்லாமே, பிள்ளைகளைச் சாயந்திரம் வரை ஒரே இடத்தில் கட்டிப்போட அவர் போட்ட வேலி. டம்ளருக்காகத்தான் வந்தோம் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவர்கள் அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அவரும் விரும்பினார்.

முதல் வேலையாக, வண்டல் வெட்டின ஒவ்வொருவரையும் தண்ணீருக்குள் இறக்கி, அவனவன் குழிப் பக்கத்தில் அவனவனே கம்பு நடச் சொன்னார். கம்பில் கட்டச் சிவப்புத் துணி வேண்டும் என்றார். நான் வீட்டில் பழையது என்று நினைத்து ஒரு சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். மறுநாள் துணி துவைக்க வந்த பச்சையம்மாள் ஏரியைப் பார்த்துவிட்டு அங்கேயே கூடையை வைத்தாள்.

"அது எங்கம்மா எடுத்துக் குடுத்த சீலை. சீலை மட்டும் ஏன் தண்ணியில நிக்குது? என்னையும் சேத்து நட்டிருக்கலாமில்ல?"

சூசையண்ணன் கரையில் உட்கார்ந்தபடி, "உன்னை நட்டா ஒரு பயலும் கிட்ட வரமாட்டான், அது நல்லதுதான். ஆனா உன் புருசனுக்குச் சோறு யாரு போடுறது?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அன்று ராத்திரி வெறும் களிதான், குழம்பு இல்லை.

ஏரியை அவர் பஸ் மாதிரியே ஓட்டினார். அதே விசில். இரண்டு முறை ஊதினால் தண்ணீரில் இறங்கலாம், ஒரு முறை ஊதினால் ஏறிவிட வேண்டும். மதகுப் படியில் நிற்கிற பையன்களைப் பார்த்து, "படியில தொங்காத, உள்ள போ, இல்ல எறங்கு" என்று கத்துவார். பெண் பிள்ளைகளுக்கு முன்பக்கம், பையன்களுக்குப் பின்பக்கம். ஞாயிறு பூசை முடிந்த பிறகுதான் முதல் ட்ரிப். என்னைப் போல நீச்சல் தெரியாத பெரியவர்களை "லக்கேஜ்" என்பார்.

அவர் செய்த ஏற்பாட்டிலேயே பெரியது அந்தக் கயிறு. இரண்டு பனைமரத்துக்கு நடுவே கிணற்றுக் கயிறு ஒன்றைக் கட்டினார். தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொரு பையனும் சட்டையைக் கழற்றி அதில் போட வேண்டும். பெண் பிள்ளைகள் ரிப்பனை அவிழ்த்துக் கட்ட வேண்டும். கரையேறியதும் அவரவருடையதை எடுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றில் ஒன்று மிஞ்சினால் ஏரியில் ஒருவர் மிஞ்சியிருக்கிறார் என்று அர்த்தம். சாயந்திரம் எல்லோரும் போன பிறகும் அவர் அந்த வெறும் கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். "கடைசி ஸ்டாப்புல வண்டி காலியா இருக்கோணும்" என்பார்.

ஒரு சந்தை நாள் சாயந்திரம் அது காலியாக இல்லை.

ஒற்றை விசில் ஊதியாகிவிட்டது. பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். கயிற்றில் ஒரு சட்டை. கிட்டப் போனேன். மேல் பொத்தான் வெள்ளை, மற்றது எல்லாம் நீலம். பச்சையம்மாள் தைத்த பொத்தான். என் மகன் முருகனுடைய சட்டை.

பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். வேட்டியோடு ஏரிக்குள் ஓடினேனாம். கழுத்து வரை போய், அதற்கு மேல் போகத் தெரியாமல், அங்கேயே நின்று பையன் பெயரைக் கத்தினேனாம். என்னை இழுத்துவரவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தேட வந்தவர்களில் இரண்டு பேர் குறைந்ததுதான் நான் செய்த உதவி. அந்த நேரம் தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக்கொண்டது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சூசையண்ணன் விசிலை வாயில் கடித்துக்கொண்டு, அந்தக் காலோடு, சிவப்புத் துணி கட்டின ஒவ்வொரு கம்புக்கும் போனார். ஒவ்வொரு குழியிலும் மூழ்கினார். எழும்போதெல்லாம் கையில் சேறுதான் வந்தது. கடைசிக் கம்பு நான் நட்டது. அங்கே மூழ்குவதற்கு முன்னால் ஒரு முறை கரையில் கிடந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

அவர் எழுந்தபோது கரை மேல் பச்சையம்மாளின் குரல் கேட்டது. முருகனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் புத்தம்புதுச் சட்டை போட்டிருந்தான். கையில் பொரி உருண்டை. நடந்தது இதுதான்: என் மச்சான் சந்தைக்குப் போகிற வழியில் ஏரிக்கரைக்கு வந்து அவனுக்குப் புதுச் சட்டை கொடுத்திருக்கிறான். பயல் அதை அங்கேயே மாட்டிக்கொண்டு மாமனோடு காரிமங்கலம் சந்தைக்குப் போய்விட்டான். புதுச் சட்டை கிடைத்தவனுக்குப் பழையது எதற்கு? கயிற்றிலேயே விட்டுவிட்டான்.

ஊரே அவனை அடிக்கக் கை ஓங்கியது. நான்தான் முதல் ஆள். சூசையண்ணன் சேற்றோடு வந்து நடுவில் நின்றார்.

"யாரும் கைய வெக்காதீங்க. இதோ நிக்கிறான் பாருங்க. நிக்கிறானில்ல? அது போதும்" என்றார். பிறகு பையனிடம் திரும்பி, "ஏன்டா, எறங்கறவன் கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்க மாட்டியா?" என்றார். அதைச் சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வேண்டுதலைச் செலுத்தத் தீர்த்தமலைக்குப் போனபோது அவரும் கிளம்பி வந்தார். அந்தக் காலோடு மலை ஏறாதீர்கள் என்று சொன்னால் கேட்டால்தானே.

"அன்னைக்கு எங்க அந்தோணியாரக் கூப்ட்டேன். காணல. சரின்னு உங்க சாமியையும் கூப்ட்டேன். ரெண்டு பேருல யாரு செஞ்சதுன்னு தெரியல. வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதுதான் மருவாத."

பாதி மலையில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் என் கையைப் பிடித்து மேலே ஏற்றினார். யார் காலில் ஊனம் என்று பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள்.

ஆனால் அவரும் களைத்துத்தான் போயிருந்தார். வருஷா வருஷம் வைகாசியில் மீன் பிடிக்கிற நாள் வரும். ஊர் மொத்தமும் வலையும் கூடையும் சேலையுமாக, குழிக்குள்ளும் முழங்கால் அளவே மிஞ்சின தண்ணீரில் இறங்கிக் கலக்கும். அத்தோடு ஏரியில் ஆபத்து இல்லை. அன்று சாயந்திரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "இந்த வருசத்தோட சரி மாதையா. அடுத்த வருசம் வேற கண்டக்டரப் பாத்துக்கங்க" என்பார். நானும் "ஆமாண்ணே, எனக்கும் முடியல" என்பேன். அடுத்த சித்திரையில் அவர் என் வாசலில் நிற்பார். நான் முனகிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டுவேன்.

இந்தச் சித்திரையில் வாசலில் யாரும் நிற்கவில்லை. இந்த வருஷம் வேண்டாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தி வீட்டுக்கு வந்து சாய்கிற வயசா எனக்கு? பரிசு இல்லை, போட்டி இல்லை என்று தெரிந்தால் பிள்ளைகளும் ஏரிப்பக்கம் வராது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

லீவு விட்ட பிறகு ஒரு நாள் எருமையைத் தேடிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். பனைமரத்தடியில் கயிறு இல்லை. கயிறு இருந்த இடத்தில் எருக்கஞ்செடி மேலெல்லாம் சட்டைகள். மதகுக் கல்லில் சட்டைகள். ஒரு வேலிக் குச்சியில் வரிசையாக ரிப்பன்கள். பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தார்கள். அதைப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

எருமை தானாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கடைசிச் சட்டை போகிற வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எங்கள் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனேன். "இனி தண்ணி எதுல சேந்தறது? உங்க மீசையிலயா?" என்றாள் பச்சையம்மாள். கேட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த இன்னொரு சிவப்புச் சேலையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவருடைய விசிலை அவர் மகள் எனக்குக் கொடுக்க வந்தாள். வேண்டாம் என்றேன். அதை ஊத எனக்கு மூச்சு போதாது, அவளிடமே இருக்கட்டும். சூசையண்ணனிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது இரண்டுதான். ஒன்று இந்தக் களைப்பு. அது அவருடையது, அப்படியே எனக்கு வந்திருக்கிறது. இன்னொன்று, எல்லோரும் போன பிறகும் போகாமல் ஒரு முறை கயிற்றைத் திரும்பிப் பார்ப்பது. படிக்கிறவர்களில் யாருக்காவது மத்தியானத்தில் வேலை இல்லை என்றால் வந்து பக்கத்தில் நில்லுங்கள். நீச்சல் தெரிந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது. லக்கேஜ் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

நேற்று சாயந்திரம் கையைத் தட்டி எல்லோரையும் கரையேற்றினேன். சட்டைகள் போயின, ரிப்பன்கள் போயின. ஒன்றே ஒன்று மட்டும் நின்றது, மஞ்சள் ரிப்பன். தண்ணீரைப் பார்த்தேன். அசைவே இல்லை. "ஏ, மஞ்ச ரிப்பன் யாருதும்மா?" என்று கத்தினேன்.

பனைமரத்துக்குப் பின்னாலிருந்து ஈரத் தலையோடு ஒரு சின்னப் பெண் வந்தாள். லீவுக்கு வந்த பிள்ளை போலிருக்கிறது, நம் ஊர் முகமாகத் தெரியவில்லை.

"என்னுதுதான் மாமா. நீங்க பாக்கறீங்களான்னு பாத்தேன்."

திட்டினேன், நன்றாகவே திட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே ரிப்பனை அவிழ்த்து வாயில் கவ்விக்கொண்டு, ஜடையை முறுக்கியபடி ஓடினாள். கரையைத் தாண்டி அவள் தலை மறைகிற வரை நின்றேன். பிறகு கயிற்றைப் பார்த்தேன்.

வண்டி காலிண்ணே.